ஹெலிகாப்டரைத் தூக்கும் அணையா நெருப்பு

பேராக் மாநிலத்துத் தோட்டப்புற மக்களுக்கு ஹெலிகாப்டரின் ஓசை புதியதன்று. மேற்கே லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நெடுஞ்சுவராக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நம் பால்மரக் காடுகளும், இன்று அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்ட செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. தலைக்கு மேலே 'டப டப' என்று சத்தம் கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவதும், வேலை முடிந்து திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரியவர்கள் கண்ணுக்குக் கையைக் குடை பிடித்து அண்ணாந்து பார்ப்பதும் இன்றும் நாம் காணும் காட்சிகள்தாம்.

வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள்: "டீச்சர், அதுக்குள்ள இருக்கிறது எங்க அப்பா மோட்டார் சைக்கிள்ல இருக்கிற எஞ்சின் மாதிரிதானா? அதைவிடப் பெரிசா?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடினால் நம் மாநிலத்தின் வரலாற்றில் ஒரு பக்கமும் சேர்ந்தே திறக்கும். முன்பெல்லாம் ஹெலிகாப்டரில் இருந்தது மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பெரிய அண்ணன்தான். அது நம் காட்டுக்குப் போதவில்லை. பிறகு வந்தது டர்பைன் எஞ்சின். அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அது வந்தது என்பதை வாசகர்களுடன் சேர்ந்து பார்ப்போம்.

காட்டுக்குள் வந்த முதல் ஹெலிகாப்டர்கள்

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசர காலம் அறிவிக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டு ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. ஊரடங்கு, முள்வேலி, அரிசிக் கட்டுப்பாடு என்று அந்தக் காலத்துக் கதைகளை நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம்.

அந்தப் போரில் பெரும்பகுதி மலைக்காட்டுக்குள்ளேயே நடந்தது. காட்டின் நடுவே ஒருவருக்குக் குண்டடி பட்டால், அல்லது கடுமையான காய்ச்சல் கண்டால், தூளியில் போட்டுத் தோளில் சுமந்துதான் வெளியே கொண்டு வர வேண்டும். ஆறு குறுக்கிடும், மேடு பள்ளம் வழி மறிக்கும். மருத்துவமனைக்கு வந்து சேர நாள் கணக்காகும். வழியிலேயே உயிர் போய்விடுவதும் உண்டு.

இதற்கு ஒரு வழி காணத்தான் 1950-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விமானப்படை, காயமடைந்தோரை ஏற்றி வருவதற்கென்றே ஒரு சிறு ஹெலிகாப்டர் பிரிவைச் சிங்கப்பூரில் அமைத்தது. அதில் இருந்தவை 'டிராகன்ஃபிளை', அதாவது தும்பி என்ற பெயர் கொண்ட ஹெலிகாப்டர்கள். 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆம் பிரிவு, சற்றுப் பெரிய சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர்களுடன் வந்து சேர்ந்தது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் பிளஸ் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த லெகாப் கோட்டை, உலு பேராவின் கெமார் கோட்டை போன்ற காட்டுக் காவல் நிலையங்களுக்கு வானமே வழியாயிற்று.

அந்த ஹெலிகாப்டர்கள் பல உயிர்களைக் காப்பாற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு மூச்சு வாங்கியது. தும்பியின் எஞ்சின் ஒன்பது சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய பிஸ்டன் எஞ்சின். அதன் எடை 350 கிலோவுக்கு மேல். கொடுத்ததோ சுமார் 500 குதிரைச் சக்தி. எஞ்சின் தன் எடையைத் தானே தூக்க வேண்டும். அதன் பிறகு உடல், எரிபொருள், விமானி. எல்லாம் போக மிஞ்சிய சக்தியில் ஓரிரு நோயாளிகளைத்தான் ஏற்ற முடிந்தது.

நம் நாட்டு வெயிலும் அதற்கு எதிரியாக நின்றது. சூடான காற்று விரிந்து இலேசாகிவிடும். மலை மேலே போகப் போகக் காற்று இன்னும் மெல்லியதாகும். மெல்லிய காற்றில் இறக்கைகளுக்குப் பிடிப்புக் குறைவு. எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு. குளிர்ந்த இங்கிலாந்தில் எளிதாக எழும்பிய அதே ஹெலிகாப்டர், உச்சி வெயிலில், நாற்புறமும் நெடுமரங்கள் சூழ்ந்த சிறு வெட்டவெளியிலிருந்து நேர் மேலே எழும்பத் திணறியது. காயம்பட்டவர்கள் இருவர் காத்திருக்க, ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போக நேர்ந்தால் அந்த விமானியின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எடை குறைவாகவும் சக்தி மிகுதியாகவும் உள்ள ஓர் எஞ்சின் தேவைப்பட்டது.

மோட்டார் சைக்கிளுக்குள் நடப்பது

புதிய எஞ்சினைப் புரிந்துகொள்ள, முதலில் நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்ப்போம்.

அதன் சிலிண்டர் ஓர் ஒற்றை அறை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அதை அமுக்குகிறது. பிளக் பொறி தட்ட, வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே ஏறும் பிஸ்டன் புகையை வெளியே துரத்துகிறது. உறிஞ்சு, அமுக்கு, எரி, துரத்து. நான்கு வேலைகளும் ஒரே அறையில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன.

இதில் கவனியுங்கள்: நான்கு அசைவில் ஒன்றுதான் வண்டியைத் தள்ளும் அசைவு. மற்ற மூன்றும் அதற்கான ஏற்பாடுகள். அதோடு பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடி, ஒவ்வொரு முறையும் நின்று திரும்ப வேண்டும். அந்த உதறலைத் தாங்கக் கனமான இரும்பு வேண்டும். எடை கூடிக்கொண்டே போகும்.

ஒரே ஆள் அரிசி களைந்து, உலை வைத்து, வடித்து, பரிமாறுவது போன்றது இது. நான்கு பேர் நான்கு இடத்தில் நின்று, ஒருவர் விடாமல் களைய, ஒருவர் விடாமல் வேகவைக்க, ஒருவர் விடாமல் வடிக்க, ஒருவர் விடாமல் பரிமாறினால் திருவிழாக் கூட்டத்துக்கே சோறு போட்டுவிடலாம் அல்லவா? டர்பைன் எஞ்சின் அந்தத் திருவிழாச் சமையலைத்தான் செய்கிறது.

ஆற்று நீரும் எரிந்த காற்றும்

டர்பைன் என்றால் என்ன? ஓடி வரும் ஒன்று தள்ளுவதால் சுழலும் சக்கரம், அவ்வளவுதான். கோலகங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றில் செண்டரோ அணை இருக்கிறது. 1930-ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஆற்று நீர் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அந்தச் சக்கரங்கள் நீர் டர்பைன்கள். தண்ணீருக்குப் பதிலாகச் சூடான காற்றைப் பாய்ச்சிச் சக்கரத்தைச் சுற்ற வைத்தால் அது வாயு டர்பைன். மஞ்சோங் மாவட்டத்துச் செகாரியில் இயற்கை எரிவாயுவால் இயங்கும் மின் நிலையத்தில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதை விமானத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிராங்க் விட்டில் என்ற இளம் விமானி 1930-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் தனியாக அதே முயற்சியில் இறங்கினார். அவருடைய எஞ்சினைத் தாங்கிய விமானம் 1939 ஆகஸ்டில் பறந்தது. விட்டிலின் எஞ்சின் 1941 மே மாதம் பறந்தது. ஹெலிகாப்டருக்கு அது வந்து சேர இன்னும் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1951 டிசம்பரில் அமெரிக்காவில் காமன் நிறுவனத்தின் சிறு ஹெலிகாப்டர் ஒன்று டர்பைன் எஞ்சினுடன் முதன்முதலாக எழும்பியது. 1955-இல் பிரான்சின் 'அலுவெட்' பறந்தது. டர்பைன் எஞ்சினோடு தொழிற்சாலையில் வரிசையாக உருவாக்கப்பட்ட முதல் ஹெலிகாப்டர் அதுவே. அதன் அடுத்த வடிவமான அலுவெட்-3, 1960-களில் நம் நாட்டு விமானப்படைக்கும் வந்தது.

நான்கு அறைகள்

இப்போது எஞ்சினுக்குள் நுழைவோம். நம் மலேசிய விமானப்படையில் நீண்டகாலம் உழைத்த 'நூரி' ஹெலிகாப்டரின் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த டி-58 என்ற வகை அது. ஒரு நூரிக்கு இரண்டு எஞ்சின்கள்.

முதல் அறை காற்றை உள்ளே இழுக்கும் வாய். இரண்டாவது, காற்றை அமுக்கும் பகுதி. ஒரே தண்டில் பத்து வரிசையாகச் சிறு சிறு தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். நம் மேசை விசிறியின் இதழ்களைச் சிறிதாக்கி, நெருக்கி, பத்து அடுக்காக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் காற்றைக் கொஞ்சம் அமுக்கி அடுத்த வரிசையிடம் கொடுக்கும். பத்தாவது வரிசையைத் தாண்டும்போது காற்று எட்டு மடங்கு அளவுக்கு அமுக்கப்பட்டிருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அமுக்கினால் காற்று சூடாகும். இங்கும் அப்படியே.

மூன்றாவது எரியறை. இங்கேதான் எரிபொருள் பீச்சப்படுகிறது. அந்த எரிபொருள் என்ன தெரியுமா? நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான்! அந்த நாளில் நம் வீடுகளில் இருந்த பம்ப் அடுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெறும் திரியில் மஞ்சளாகப் புகைந்து எரியும் அதே மண்ணெண்ணெய், காற்றடித்த அடுப்பில் 'உஸ்' என்று நீலமாக எரியும். எரியறை என்பது மாபெரும் பம்ப் அடுப்பு. எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் பொறி தேவை. ஒரு தடவை பற்றிக்கொண்டால், எரிபொருளும் காற்றும் வரும் வரையில் அந்த நெருப்பு அணையாது. மோட்டார் சைக்கிள் பிளக்கைப் போல் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி தட்ட வேண்டியதில்லை.

நெருப்பின் நடுவே வெப்பம் ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸ். நிக்கல் உலோகமே 1,455 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் எஞ்சின் எப்படித் தாங்குகிறது? உள்ளே வரும் காற்றில் ஒரு சிறு பங்குதான் எரிவதற்குப் போகிறது. மீதிக் காற்று நெருப்பைச் சுற்றி ஓடி அறைச் சுவரைக் காக்கிறது. பிறகு எரிந்த வாயுவுடன் கலந்து அதன் சூட்டைத் தணிக்கிறது.

நான்காவது டர்பைன். சூடேறி விரிந்த வாயு சீறிப் பாய்ந்து சக்கரத் தகடுகளைத் தள்ளுகிறது. சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் முன்பக்கத்தில்தானே காற்றை அமுக்கும் தகடுகள் இருக்கின்றன? அவையும் சேர்ந்து சுழல்கின்றன. பின்னால் இருக்கும் சக்கரம் முன்னால் இருக்கும் விசிறிக்குச் சோறு போட, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதற்குக் காற்று கொடுக்கிறது. டர்பைன்கள் பெறும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் காற்றை அமுக்கும் வேலைக்கே செலவாகிவிடும். மிஞ்சும் ஒரு பங்குதான் ஹெலிகாப்டரைத் தூக்குகிறது. அந்த ஒரு பங்கே ஆயிரம் குதிரைச் சக்தியைத் தாண்டும்.

இரண்டு விசிறிச் சோதனை

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். மற்றதற்கு மின்சாரமே கொடுக்க வேண்டாம். முதல் விசிறியின் காற்றுப் பட்டு இரண்டாவதும் மெல்லச் சுழலத் தொடங்கும். இரண்டையும் இணைக்கக் கம்பியோ சங்கிலியோ இல்லை. காற்று மட்டுமே இணைப்பு.

நூரியின் எஞ்சினிலும் இப்படித்தான். காற்றை அமுக்க உதவும் டர்பைனுக்குப் பின்னால், அதோடு ஒட்டாத தனித் தண்டில், இன்னொரு டர்பைன் சக்கரம் இருக்கிறது. எரிந்த வாயு முதல் டர்பைனைத் தாண்டி வந்து இதையும் தள்ளுகிறது. மேலே சுழலும் பெரிய இறக்கைகளுக்குச் சக்தி தருவது இந்த இரண்டாவது சக்கரமே. இதனால் எஞ்சினை எளிதாகக் கிளப்ப முடிகிறது. கனமான இறக்கைகளையும் சேர்த்து முதலிலேயே சுழற்ற வேண்டிய தொல்லை இல்லை.

இந்தத் தனிச் சக்கரம் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19,000 முறை சுழலும். நூரியின் தலைக்கு மேலுள்ள இறக்கைகளோ நிமிடத்துக்கு 203 சுற்றுத்தான். இடையில் பற்சக்கரப் பெட்டி இருந்து வேகத்தைத் தொண்ணூறு மடங்குக்கு மேல் குறைக்கிறது. சைக்கிளில் மேடு ஏறும்போது கியர் மாற்றினால் வேகம் குறைந்து உந்துசக்தி கூடுவதைப் போலத்தான் இதுவும். வேகம் குறையக் குறையத் திருகும் வலு கூடுகிறது. அந்த வலுவில்தான் பதினெட்டு மீட்டருக்கு மேல் அகலம் கொண்ட ஐந்து இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளி, வண்டியை மேலே தூக்குகின்றன.

மேலே ஏற வேண்டுமானால் விமானி இறக்கைகளை வேகமாகச் சுழற்றுவார் என்றே பலரும் நினைக்கிறோம். அப்படிச் செய்வதில்லை. இறக்கைகளின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். விமானி இடக்கைப் பக்கத்து நெம்புகோலை உயர்த்தினால் எல்லா இறக்கைகளும் சற்றே சாய்ந்து அதிகக் காற்றை அள்ளும். சுமை கூடுவதை உணர்ந்து, எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு கருவி எஞ்சினில் இருக்கிறது. தலைக்கு மேலே கேட்கும் 'டப டப' ஒலி இறக்கைகளுடையது. அதற்குள் மெல்லியதாகக் கேட்கும் விசில் போன்ற ஒலிதான் டர்பைனின் குரல்.

உடல் அதே, இதயம் புதிது

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட ஒரு நல்ல சான்று இருக்கிறது. அவசர காலத்தில் மலாயாவில் பறந்த சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரின் பிரிட்டிஷ் வடிவத்துக்கு 'வேர்ல்விண்ட்' என்று பெயர். முதலில் அது பிஸ்டன் எஞ்சினோடுதான் இருந்தது. 1959-இல் அதே உடலில் பிஸ்டன் எஞ்சினை எடுத்துவிட்டு, நாம் மேலே பார்த்த டி-58-ஐ இங்கிலாந்தில் உரிமம் பெற்றுச் செய்த எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். புதிய எஞ்சின் அவ்வளவு இலேசாக இருந்ததால், எடைச் சமநிலை கெடாமலிருக்க அதை மேலும் முன்னே தள்ளி வைத்து, ஹெலிகாப்டரின் மூக்கையே நீட்ட வேண்டியதாயிற்று! சக்தியோ முன்னைவிடக் கூடிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தும்பியின் பிஸ்டன் எஞ்சின் 350 கிலோவுக்கு மேல் எடை கொண்டு 500 குதிரைச் சக்தி கொடுத்தது. டி-58 ஏறத்தாழ 150 கிலோ எடையில் 1,200 குதிரைச் சக்திக்கு மேல் கொடுத்தது. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்து மடங்குக்கு மேல் சக்தி. வெயிலும் மலையும் டர்பைனையும் சோர்வடையச் செய்யும், அதில் மாற்றமில்லை. ஆனால் கையிருப்பு அவ்வளவு அதிகமாக இருப்பதால் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்க முடிகிறது.

நூரி 1968 வாக்கில் நம் நாட்டில் பறக்கத் தொடங்கி 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் பணி ஓய்வு பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல்! இருபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடிய அந்த ஹெலிகாப்டர் படைவீரர்களை மட்டுமா சுமந்தது? சாலையில்லாத பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கு உணவும் மருந்தும் கொண்டு போனது. வெள்ளக் காலங்களில் உதவிப் பொருள்களை இறக்கியது. அதன் நீண்ட சேவையில் விபத்துகளும் நேர்ந்தன. நம் வீரர்கள் பலர் உயிர் துறந்தார்கள். அவர்களையும் இங்கே மறக்காமல் நினைக்க வேண்டும்.

இன்று தீயணைப்பு மீட்புத் துறை, கடல்சார் அமலாக்க நிறுவனம், கடற்படை ஆகியவை ஏடபிள்யூ-139 என்ற ஹெலிகாப்டரைப் பயன்படுத்துகின்றன. அதிலும் இரண்டு டர்பைன்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,500 குதிரைச் சக்தி. இந்தச் சக்திக்கு விலையும் உண்டு. மணிக்குச் சுமார் 400 கிலோ எரிபொருளை அது குடித்துவிடும். ஆகவேதான் ஹெலிகாப்டரைத் தேவை பார்த்து எழுப்புகிறார்கள்.

எஞ்சின் நின்றுவிட்டால்?

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் அடுத்த கேள்வி இது. இரண்டு எஞ்சின் உள்ள ஹெலிகாப்டரில் ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கிக்கொண்டு, பத்திரமாக இறங்கும் இடம் வரை கொண்டு சேர்க்கும். எந்நேரமும் அது முடியும் என்று சொல்லிவிட முடியாது. ஏற்றிய சுமையையும் இருக்கும் உயரத்தையும் பொறுத்தது.

இரண்டுமே நின்றுவிட்டால்? சைக்கிளில் இறக்கத்தில் போகும்போது மிதிப்பதை நிறுத்தினாலும் பின் சக்கரம் 'கிர்ர்' என்று தானே சுழல்கிறது அல்லவா? அதே போன்ற ஏற்பாடு எஞ்சினுக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் இறக்கை நிற்காது. விமானி உடனே இறக்கைகளின் சாய்வைக் குறைத்து, ஹெலிகாப்டரை இறங்க விடுவார். கீழிருந்து மேலே வரும் காற்று இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நம் காடுகளில் மெராந்தி மரத்தின் சிறகுள்ள விதைகள் சுழன்று சுழன்று மெதுவாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டரும் அதே முறையில் இறங்கும். தரையை நெருங்கும்போது, சேர்த்து வைத்த அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெல்ல உட்கார வைப்பார் விமானி. கணப்பொழுதில் செய்ய வேண்டிய காரியம். அதற்காகவே பலமுறை பயிற்சி எடுக்கிறார்கள்.

ஆனால் இறக்கைக்கே சேதம் வந்தால் எந்த எஞ்சினாலும் காப்பாற்ற முடியாது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் காலை லுமுட் கடற்படைத் தளத்தில், கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் நடுவானில் மோதிக்கொண்டன. பத்துப் பேர் உயிரிழந்தார்கள். நம் மாநிலமே கண்ணீர் விட்ட நாள் அது.

விளக்கைப் பிடித்துப் பார்க்கும் கண்கள்

டர்பைன் எஞ்சினில் உராயும் பாகங்கள் குறைவு. ஆகவே நீண்டநாள் உழைக்கும். ஆனால் அதற்குச் சுத்தம் வேண்டும். ஒரு சிறு கல்லோ, மறந்து வைத்த திருகாணியோ உள்ளே போனால், ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் ஓடும் தகடுகள் நொறுங்கிவிடும். அதனால்தான் தொழில்நுட்பர்கள் வேலை முடிந்ததும் தங்கள் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அதனதன் இடத்தில் வைக்கிறார்கள். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் அது கிடைக்கும் வரை ஹெலிகாப்டர் நகராது.

கடல் மேலே பறந்து திரும்பிய எஞ்சினில் உப்புப் படியும். லுமுட் போன்ற கடலோரத் தளங்களில் இது அன்றாடத் தொல்லை. நல்ல தண்ணீரை உள்ளே பீச்சி எஞ்சினைக் கழுவிவிடுகிறார்கள். மருத்துவர்கள் வயிற்றுக்குள் விளக்குக் குழாயைச் செலுத்திப் பார்ப்பதைப் போல, எஞ்சினுக்குள்ளும் மெல்லிய விளக்குக் குழாயைச் செலுத்தித் தகடுகளில் கீறல் உண்டா என்று பார்க்கிறார்கள். எண்ணெய் ஓடும் பாதையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். பற்சக்கரமோ பேரிங்கோ தேயத் தொடங்கினால், இரும்புத் துகள் அந்தக் காந்தத்தில் ஒட்டும். விமானிக்கு முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். பெரிய பழுது வருவதற்கு முன்பே எஞ்சின் சொல்லிவிடும் சேதி அது.

இந்தச் சோதனைகளைச் செய்து முடித்தவர், 'பறக்கத் தகுதியானது' என்று எழுதிக் கையொப்பம் இடுகிறார். அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் விமானி ஏறுகிறார், நோயாளியும் ஏற்றப்படுகிறார்.

நம் பிள்ளைகளும் கையொப்பம் இடலாம்

பெற்றோர்களே, இந்தக் கட்டுரையை எழுதியதன் காரணம் இதுதான். விமானம், ஹெலிகாப்டர் என்றால் அது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு உரியது என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். விமானி ஆவதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் ஆவதற்கு வேறு வழிகள் உண்டு.

டர்பைன் எஞ்சின் ஹெலிகாப்டர்களைப் பராமரிப்பதற்கென்றே பி1.3 என்ற உரிம வகை இருக்கிறது. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தேர்வு வைத்து அந்த உரிமத்தை வழங்குகிறது. சிலாங்கூரில் பந்திங் பாலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்புக்கான டிப்ளோமா படிப்பு உண்டு. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகமும் இத்துறையில் பயிற்சி அளிக்கிறது. விமானப்படையிலும் கடற்படையிலும் சேர்ந்து தொழில் கற்போரும் உண்டு. பிள்ளை ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே பள்ளி ஆலோசக ஆசிரியரைக் கேட்டு, அந்த ஆண்டின் தகுதியையும் கட்டணத்தையும் கல்வி உதவியையும் விசாரித்து வையுங்கள். முடிவு வந்த பிறகு விசாரித்தால் விண்ணப்ப நாள் கடந்துவிடும்.

வேண்டியவை மூன்று: கணிதம், அறிவியல், ஆங்கிலம். பராமரிப்புக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நான்காவதாக ஒன்றும் வேண்டும். அது பொறுமை. எண்ணி வைத்த கருவியை இன்னொரு முறை எண்ணும் பொறுமை. பார்த்த இடத்தை விளக்குப் பிடித்து மறுபடி பார்க்கும் பொறுமை. விடியற்காலையில் நெற்றி விளக்குக் கட்டிக்கொண்டு, மரப்பட்டையில் ஆழம் தவறாமல், மரத்துக்குக் காயம் படாமல் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா இவர்கள்! கைத்திறமும் கண் கூர்மையும் நம் வீடுகளில் இல்லாதவை அல்ல.

மகனோ மகளோ பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டால் உடனே திட்டிவிடாதீர்கள். பிரித்த பாகங்களை ஒரு பழைய தட்டில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். எத்தனை திருகாணி என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று சொல்லுங்கள். ஹெலிகாப்டர்க் கொட்டகையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பதும் இந்தப் பாடத்தைத்தான்.